கிராக் ஜிப்புக்குப் பிறகு குரோம் தானாக மாறுகிறது, டிஃபெண்டர் ‘ஒன்றுமில்லை’ என்கிறது: உளவு நிரலை எப்படி எடுப்பது?

தட்டச்சன்
வீட்டு லேப்டாப். ஐ5, 11ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 ஹோம், 512 ஜிபி எஸ்எஸ்டி (சி, டி என்று இரண்டாகப் பிரித்தது). டெலிகிராமில் கிடைத்த போட்டோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் ஜிப்பைத் திறந்து செட்டப்பை ஓட்டினார்கள். ஜிப்புக்கு பாஸ்வேர்ட் இருந்தது. பிரித்ததும் எக்ஸி கோப்பு மட்டும் 700 எம்பிக்கு மேல். மென்பொருளோ நிறுவப்படவே இல்லை.

இப்போதைய நிலை: குரோமில் தேடினால் கூகுளுக்கு முன் வேறொரு பக்கம் வந்து போகிறது. வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று அறிவிப்பு. லாகின் ஆனதும் கறுப்பு ஜன்னல் ஒன்று கண் சிமிட்டும் நேரத்தில் தோன்றி மறைகிறது. டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போட்டால் சுத்தம் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கம்பிவலை
வைஃபையை அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். மூலையில் வருவது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு ‘அலவ்’ கொடுத்த நோட்டிஃபிகேஷன். குரோம் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் அது அங்கேயே அடங்கிவிடும். தேடல் பக்கம் மாறுவது எக்ஸ்டென்ஷன் அல்லது பாலிசி (நிர்வாகி குரோமுக்குப் போடும் கட்டாய அமைப்பு). கவலைப்பட வேண்டியது அந்தக் கறுப்பு ஜன்னலுக்கும் 700 எம்பி கோப்புக்கும்.

ஜிப்புக்கு ஏன் பாஸ்வேர்ட்? பிரௌசரும் ஆன்டிவைரஸும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. கோப்பு ஏன் அவ்வளவு பெரிது? உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்யம். கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களில் சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேல் வாங்காது. பல ஸ்கேனர்களும் பெரிய கோப்பைத் தொடாமல் தாண்டிவிடும். நிஜ நிரல் சில எம்பிதான் இருக்கும்.

இப்போது மூன்று இடங்களைப் பார்த்துச் சொல்லுங்கள், எதையும் அழிக்க வேண்டாம்:

விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்கள்). அதில் என்ன இருக்கிறது?

குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று வருகிறதா?

டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் பகுதி) லைப்ரரியைத் திறந்து, ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஆக்ஷன்ஸ் தாவலில் எந்தக் கோப்பு ஓடுகிறது?

நீலத்திரை
கணினிப் பக்கத்தைக் கம்பிவலை பார்க்கட்டும். நீங்கள் போனைக் கையில் எடுங்கள்.

இந்த மாதிரி ஜிப்பில் வருவது பெரும்பாலும் இன்ஃபோஸ்டீலர் (தகவல் திருடும் நிரல்) வகை. ரெட்லைன், லூமா என்று பெயர் கேட்டிருப்பீர்கள். 2024 அக்டோபரில் ரெட்லைனின் சர்வர்களைப் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கியது. 2025 மே மாதம் லூமாவின் கட்டமைப்பை மைக்ரோசாஃப்டும் யூரோபோலும் முடக்கியபோது, முந்தைய இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கணினிகள் அதில் சிக்கியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இவற்றில் பல, வந்த சில நிமிடங்களில் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி, ஆட்டோஃபில் கார்டு விவரம், டெலிகிராம் டெஸ்க்டாப்பின் செஷன் கோப்புகள் எல்லாவற்றையும் சுருட்டி அனுப்பிவிட்டுத் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்கேன் போட்டால் சுத்தம் என்றுதான் வரும். திருடன் போன வீட்டில் பூட்டைச் சோதிப்பது போலத்தான் அது.

அதனால் போனிலிருந்து, இந்த வரிசையில்: முதலில் மெயில் கணக்கு. பாஸ்வேர்டை மாற்றி, ‘யுவர் டிவைசஸ்’ பக்கத்தில் அந்த லேப்டாப் உட்படத் தெரியாத எல்லாவற்றையும் சைன் அவுட் செய்யுங்கள். ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில் உங்களுடையதுதானா பாருங்கள். ஜிமெயில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் கட்டாயம் பாருங்கள் (இந்த இரண்டும் போன் ஆப்பில் முழுதாகக் கிடைக்காது, போன் பிரௌசரில் டெஸ்க்டாப் சைட் போட்டுத் திறங்கள்). வங்கியிலிருந்து வரும் மெயிலை நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி திருடர்கள் ஃபில்டர் ஒன்றைப் போட்டு வைப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். அடுத்து நெட் பேங்கிங், பிறகு வாட்ஸப் லிங்க்ட் டிவைசஸ், டெலிகிராம் செஷன்கள், மற்றவை.

அந்த லேப்டாப்பில் மட்டும் எந்தப் புதுப் பாஸ்வேர்டையும் அடிக்காதீர்கள்.

தட்டச்சன்
எக்ஸ்க்ளூஷன்ஸில் இரண்டு இருக்கிறது: சி டிரைவ் முழுவதும், பிறகு ஆப்டேட்டா ஃபோல்டர். நாங்கள் போட்டதில்லை. குரோமில் மேனேஜ்ட் என்று வருகிறது. ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் பட்டனே இல்லை. டாஸ்க் ஷெட்யூலரில் கூகுள் அப்டேட் மாதிரிப் பெயரில் ஒன்று, லாகினிலும் அரை மணிக்கு ஒருமுறையும் பவர்ஷெல்லை (விண்டோஸின் கட்டளை ஜன்னல்) ஓட்டுகிறது, பின்னால் நீளமான குழப்ப எழுத்துகள்.

ஒரு சந்தேகம். ஜிமெயிலுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கிறது. அப்படியும் மாற்ற வேண்டுமா?

நீலத்திரை
கட்டாயம். ஓடிபி கேட்பது லாகின் ஆகும்போது மட்டும். லாகின் ஆன பிறகு ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று சொல்வது குக்கி. அதையே தூக்கிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2024இல் குரோம் 127 குக்கிகளுக்குக் கூடுதல் பூட்டு போட்டது. ஸ்டீலர் எழுதுகிறவர்கள் அதையும் சுற்றிப்போக வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சைன் அவுட் செய்தால்தான் பழைய குக்கி செத்துப்போகும். பாஸ்வேர்டு மாற்றினாலே எல்லாத் தளங்களும் பழைய செஷனைத் துண்டிக்கும் என்று நம்ப வேண்டாம். ‘எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைத் தேடிப் பிடித்து அழுத்துங்கள்.

கம்பிவலை
எக்ஸ்க்ளூஷனில் முழு சி டிரைவ். டிஃபெண்டர் ஏன் ஒன்றுமில்லை என்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். செட்டப் கேட்டபோது ‘யெஸ்’ கொடுத்த ஒரே கிளிக்கில் அட்மின் உரிமை போய்விட்டது. அதை வைத்து முதல் வேலையாக இதைச் சேர்த்திருக்கிறது.

அந்த டாஸ்க் பற்றி ஒன்று. பலர் ஆட்டோரன்ஸில் (தானாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்ட் கருவி) பார்த்துவிட்டு ‘பவர்ஷெல் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டது, வைரஸ்டோட்டலில் பூஜ்யம்’ என்று விட்டுவிடுவார்கள். பவர்ஷெல் நல்ல பிள்ளைதான். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளைதான் கள்ளன். எம்எஸ்ஹெச்டிஏ, டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 என்று விண்டோஸோடு வரும் மற்ற நிரல்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. கோப்பின் பெயரைப் பார்க்காமல் முழு வரியையும் படியுங்கள். நிஜமான கூகுள் அப்டேட் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலோ, ஆப்டேட்டாவின் கூகுள் ஃபோல்டரிலோ உள்ள தன் எக்ஸியை ஓட்டும். அது பவர்ஷெல்லை அழைக்காது.

இனி வேலை. இரண்டு எக்ஸ்க்ளூஷனையும் நீக்குங்கள். சில நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறுபடி முளைத்திருந்தால் அந்த டாஸ்க்தான் போடுகிறது. டாஸ்க்கை டிஸேபிள் செய்துவிட்டு மறுபடி நீக்குங்கள். டிஃபெண்டரின் வரையறைகளைப் புதுப்பிக்க மட்டும் நெட்டை இணைத்து, முடிந்ததும் துண்டியுங்கள். அடுத்து ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். இது விண்டோஸ் எழும்புவதற்கு முன் ஓடுவதால், ஓடிக்கொண்டே ஒளிந்துகொள்ளும் நிரலும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். சுமார் 15 நிமிடம்.

இதில் இரண்டு கண்ணி. ரீஸ்டார்ட் ஆகி எதுவுமே நடக்காமல் நேராக டெஸ்க்டாப் வந்தால், ரெக்கவரி பகுதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாமல் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடாது. இரண்டாவது, 11ஆம் தலைமுறை லேப்டாப்பில் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர்) தானாகவே போடப்பட்டிருக்கலாம். ரெக்கவரி திரையிலிருந்து சேஃப் மோடுக்குப் போனால் 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமித்திருக்கும். இப்போதே போனில் திறந்து காகிதத்தில் எழுதி வையுங்கள். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் உளவு நிரலை விடப் பெரிய சிக்கல் அதுதான்.

குரோம்: ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், ஹெச்கீ கரன்ட் யூசர் இரண்டிலும் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கி, அந்தக் குரோம் கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்குங்கள். (உங்களிடம் வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அதுவும் பாலிசி போட்டிருக்கலாம், எக்ஸ்டென்ஷன் ஐடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) திரும்பி வந்தால் விண்டோஸ், சிஸ்டம்32, குரூப்பாலிசி ஃபோல்டருக்குள் ரெஜிஸ்ட்ரி டாட் பால் என்றொரு கோப்பு உட்கார்ந்திருக்கும், அதை அழிக்காமல் ரெஜிஸ்ட்ரியை எத்தனை முறை துடைத்தாலும் வீண். அதற்கும் அப்பால் வந்தால் குரோம் சிங்க். கூகுள் கணக்கிலிருந்து பழைய எக்ஸ்டென்ஷனை அதுவே கொண்டுவந்து போடும். சிங்கை நிறுத்திவிட்டு எக்ஸ்டென்ஷனை எடுங்கள்.

கடைசியாக, டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டார்கெட். ‘குரோம் டாட் எக்ஸி’ என்ற மேற்கோளுக்குப் பின்னால் ஏதாவது தள முகவரி ஒட்டியிருக்கிறதா? நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ராக்ஸி ஆன் ஆகியிருக்கிறதா? இரண்டையும் பாருங்கள்.

வடமராட்சி
கம்பிவலை சொன்னதோடு, டிஃபெண்டர் முடிஞ்ச பிறகு இன்னொரு கண்ணாலயும் பார்க்கிறது நல்லது. விளம்பர நிரல், தேவையில்லாத டூல்பார் வகைக்கு ஆட்வ்க்ளீனர் போதும், நிறுவத் தேவையில்லை. மற்றதுக்கு மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு. நிறுவினதும் 14 நாள் ப்ரீமியம் ட்ரையல் தொடங்கும். அது முடிஞ்சால் கையால ஸ்கேன் போடுற பதிப்பா மாறும், காசு கட்டத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் இருக்கு, ஆனால் தரவிறக்கி 10 நாளில காலாவதியாகும். போன வருசம் பென்டிரைவில போட்டு வைச்சதைப் பாவிக்காதேங்கோ.

ஸ்கேனருக்கு மேல ஸ்கேனர் பாவிக்கலாம். ஆனால் எந்நேரமும் காவல் நிக்கிற ஆன்டிவைரஸ் ஒண்டுதான் இருக்க வேணும். ரெண்டு இருந்தால் ஒண்டை ஒண்டு தடுத்துக் கணினி ஊரத் தொடங்கும்.

முக்கியம்: இந்த டூல்களைத் தேடேக்க மேல வாற விளம்பரத்தைக் கிளிக் பண்ணாதேங்கோ. டூலின்ர பேரிலயே போலித் தளம் போட்டு ஸ்டீலரைக் குடுக்கிறாங்கள். நல்ல இன்னொரு கணினியில தயாரிப்பாளரின்ர தளத்தில இருந்து எடுத்துக் கொண்டு வாங்கோ.

பொறுமைசாலி
எல்லாம் சரி. நான் உடன்படவில்லை.

அட்மின் உரிமையோடு தெரியாத ஒரு நிரல் ஓடியிருக்கிறது. எக்ஸ்க்ளூஷன் போட்டிருக்கிறது, பாலிசி போட்டிருக்கிறது, டாஸ்க் போட்டிருக்கிறது. இவை நீங்கள் கண்டுபிடித்தவை. டபிள்யூஎம்ஐயில் (விண்டோஸின் உள் நிர்வாகச் சேவை) நிரலைத் தானே தூண்டிவிடும் ஒரு சந்தா, புதுசாக ஒரு சர்வீஸ், திருத்திய ஒரு டிஎல்எல் என்று கண்டுபிடிக்காத நாலாவது எங்கே? ராத்திரி முழுக்க ஆட்டோரன்ஸில் வரி வரியாகப் படித்தாலும் ‘இப்போது சுத்தம்’ என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது. இதில் நெட் பேங்கிங் செய்யப்போகிறீர்களா? துடைத்துப் போடுங்கள். ஒரு மதியம் போதும்.

கம்பிவலை
டூல்பாருக்கும் தேடல் பக்கத்துக்கும் ஃபார்மட் அடிக்கச் சொல்லும் கடைக்காரர் பாணி எனக்குப் பிடிக்காது. அந்த வகைக்கு மேலே சொன்னதே போதும். ஆனால் இந்தக் கேஸில் பொறுமைசாலி சொல்வதுதான் சரி. முழு சி டிரைவுக்கும் விலக்கு, அரை மணிக்கொரு பவர்ஷெல் என்று கண்ட பிறகு நானும் துடைக்கத்தான் சொல்வேன். நான் சொன்ன படிகள் கோப்புகளைப் பத்திரமாக வெளியே எடுக்கும் அளவுக்குக் கணினியை அடக்கி வைக்க.

பொறுமைசாலி
அப்படியென்றால் முறை.

எடுக்க வேண்டியது: போட்டோ, வீடியோ, பிடிஎஃப், வேர்ட், எக்செல். விட வேண்டியது: எக்ஸி, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பேட், ஜேஎஸ், ஐஎஸ்ஓ, ஷார்ட்கட், எல்லா ஜிப்பும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் போட்டுவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸி’ வெறும் பிடிஎஃப் போலத் தெரியும். நம் வீடுகளில் டி டிரைவில் ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்றொரு ஃபோல்டர் கட்டாயம் இருக்கும், பத்து வருட கிராக்குகள் அதில். அதை அப்படியே புதைத்துவிடுங்கள். ‘ரீசெட் திஸ் பிசி, கீப் மை ஃபைல்ஸ்’ செய்கிறவர்களுக்கு நோய் திரும்புவது பெரும்பாலும் அந்த ஃபோல்டரிலிருந்தோ டவுன்லோட்ஸிலிருந்தோதான்.

வேறொரு நல்ல கணினியில் மீடியா க்ரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் விண்டோஸ் 11 போடுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். அதே பென்டிரைவில் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஏனென்றால் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் வசதி, இதற்குத் தனி டிரைவர் வேண்டும்) ஆன் ஆகியிருக்கும். செட்டப்பில் ‘எந்த டிரைவ்’ என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று பயந்து கடைக்கு ஓடாதீர்கள். லோட் டிரைவர் அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் வந்துவிடும்.

பட்டியல் வந்ததும் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, ‘அன்அலொகேட்டட்’ என்று ஒரே வரி வரும் வரை கொண்டுவாருங்கள். டி டிரைவும் போகும், நினைவிருக்கட்டும். ப்ராடக்ட் கீ கேட்டால் ‘என்னிடம் இல்லை’ கொடுங்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். எடிஷன் மட்டும் ஹோம் என்றே தேர்ந்தெடுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமல் செட்டப் நின்றால் போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் ஆன் செய்யுங்கள்.

குட்டிப்புயல்
பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு நிரல்) ஒளிந்திருந்தால்? அப்படியும் வைரஸ் உண்டு என்று படித்தேன்.

கம்பிவலை
உண்டு. 2018இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் அப்படித்தான். அது குறிவைத்து நடத்திய அரசியல் உளவு. டெலிகிராம் கிராக்கில் வருகிறவனுக்கு அந்த உழைப்பு தேவையில்லை. அவனுக்கு வேண்டியது முதல் 5 நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா பார்த்துவிட்டு, தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

தட்டச்சன்
துடைத்துவிடுகிறோம். காப்பி எடுக்கும்போது ஒரு பிரச்சினை: ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வரும் பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாகத் தெரிகிறது, ஒவ்வொன்றும் 2 கேபி. கோப்புகள் போய்விட்டனவா?

வடமராட்சி
போகேல்லை, ஒளிச்சு வைச்சிருக்கு. இது வேற வியாதி. ஷார்ட்கட்டை மட்டும் டபுள் கிளிக் பண்ணாதேங்கோ, அதுதான் அதின்ர கதவு. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸில வியூ தாவலுக்குப் போய் ‘ஷோ ஹிடன் ஃபைல்ஸ்’ஐத் தெரிவு செய்து, கீழ ‘ஹைட் ப்ரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கோ. ரெண்டாவதுதான் ஆக்கள் விடுறது. கோப்புகளுக்கு சிஸ்டம் முத்திரையும் குத்தி வைக்கிறபடியால் முதலாவது மட்டும் போதாது. சிலதில பேரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும், ஐகான் மட்டும் இருக்கும். அதுக்குள்ள உங்கட எல்லாம் கிடக்கும். நல்ல கோப்புகளை மட்டும் எடுத்துப்போட்டு பென்டிரைவை ஃபார்மட் பண்ணுங்கோ.

அடுத்த முறை கடைக்குப் போகேக்க மெயிலில அனுப்புங்கோ. பென்டிரைவ்தான் வேணும் எண்டால் அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் இருக்கிற தனி பென்டிரைவ்.

கம்பிவலை
புது விண்டோஸ் வந்த அன்றே செய்ய வேண்டியவை, என் கணக்கில் முக்கியத்துவ வரிசைப்படி.

தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு. அட்மின் கணக்கு தனியாக, வேறு பாஸ்வேர்டோடு. இது ஒன்றிருந்தால் அந்தச் செட்டப் ‘யெஸ்’ என்ற ஒரு கிளிக்கில் டிஃபெண்டரைக் குருடாக்கியிருக்க முடியாது. அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நின்றிருக்கும். ஆனால் ஸ்டீலருக்கு இது முழு மருந்து இல்லை, பிரௌசர் பாஸ்வேர்டை எடுக்க அட்மின் உரிமை கட்டாயமில்லை.

விண்டோஸ் செக்யூரிட்டி, ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல், ரெப்யூடேஷன் பேஸ்ட் ப்ரொடெக்ஷன்: ‘பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் ப்ளாக்கிங்’ ஆன். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸில் டேம்பர் ப்ரொடெக்ஷன் ஆன். சுத்தமாகப் போட்ட விண்டோஸ் 11 என்பதால் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோலும் கிடைக்கலாம். அடையாளமில்லாத நிரல்களை ஓடவே விடாது. அணைத்துவிட்டால் பல பதிப்புகளில் ரீசெட் செய்யாமல் திரும்ப ஆன் செய்ய முடியாது, அதனால் அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

விளம்பரத் தடுப்பான் பாதுகாப்புக் கருவி. ஃபயர்ஃபாக்ஸில் யூப்ளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு.

பாஸ்வேர்டுகளை பிரௌசரில் வைக்காமல் பிட்வார்டன், கீபாஸ் மாதிரிப் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றில் வையுங்கள்.

ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியைப் பாருங்கள். இந்த முகவரியை மாற்றி மக்களை வேறு தளங்களுக்குத் திருப்பிய டிஎன்எஸ்சேஞ்சர் கும்பலை எஃப்பிஐ 2011 நவம்பரில் பிடித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக நடத்திய மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தியபோது, அதுவரை தெரியாமலே இருந்தவர்களின் இணையம் அறுந்தது. டிஎன்எஸ்ஸாக 9.9.9.9 போட்டால் தெரிந்த கெட்ட தளங்களை அதுவே தடுக்கும்.

குட்டிப்புயல்
காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாமா? வீட்டில் இன்னொரு பழைய கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொறுமைசாலி
வாங்க வேண்டாம். ட்ரையல் முடிந்து செத்துக் கிடக்கும் ஆன்டிவைரஸை விட டிஃபெண்டர் எவ்வளவோ மேல். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டுப் பயனருக்கான நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத கணினி என்றால் லினக்ஸ் மின்ட். பிரௌசரும் படமும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

நீலத்திரை
இன்னொன்று விட்டுப்போயிற்று. கிராக்கை விட்டுவிட்டாலும் 2024 முதல் வேறு வழியில் இதே ஸ்டீலர்கள் வருகின்றன. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க’ என்று ஒரு பக்கம், அதில் மூன்று படி: விண்டோஸ் விசையும் ஆர் விசையும், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர். பக்கத்தைக் கிளிக் செய்தபோதே ஒரு பவர்ஷெல் கட்டளை உங்கள் க்ளிப்போர்டுக்கு வந்திருக்கும். நீங்களே உங்கள் கையால் ஓட்டுகிறீர்கள். டவுன்லோடு செய்த கோப்பாக எதுவும் வராததால் பிரௌசரின் எச்சரிக்கையும் வராது. வீட்டில் லேப்டாப் தொடும் எல்லோரிடமும் இதைச் செய்து காட்டிச் சொல்லுங்கள்: எந்த உண்மையான கேப்ட்சாவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

தட்டச்சன்
சொல்லிவிடுகிறேன். துடைப்பதற்கு முன் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் பட்டியலில் எனிடெஸ்க் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்) இருப்பதைப் பார்த்தேன். வீட்டில் யாரும் போடவில்லை என்கிறார்கள். அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

நீலத்திரை
துடைப்பதை நிறுத்தி வையுங்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான், ஆனால் யாரும் போடாமல் வந்திருந்தால் யாரோ நேரில் உட்கார்ந்த மாதிரி அந்தத் திரையைப் பார்த்திருக்கலாம். ப்ரோகிராம்டேட்டாவிலும் ஆப்டேட்டாவிலும் எனிடெஸ்க் ஃபோல்டரில் ‘கனெக்ஷன் ட்ரேஸ்’ என்றொரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். எந்த ஐடி எந்த நேரத்தில் உள்ளே வந்தது என்பது அதில் தெரியும். அதைக் காப்பி எடுங்கள், திரையை போனில் படம் எடுங்கள். அந்தத் தேதிகளில் வங்கி ஸ்டேட்மெண்ட்டில் புதிய பெனிஃபிஷியரி, சின்னத் தொகைப் பரிமாற்றம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒரு ரூபாய் போயிருந்தாலும் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லி நெட் பேங்கிங்கை முடக்குங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். புகார் எண் கைக்கு வந்த பிறகு விண்டோஸ் பென்டிரைவைச் செருகுங்கள்.